தளர்ந்த குழு மீண்டும் எழுவது எப்படி?

(தன்னார்வலர்களும் அவர்தம் குடும்பத்தாரும் கலந்துகொண்ட கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது, சேவை செய்யும் எல்லாக் குழுக்களையும் என்றாவது ஒருநாள் பிடித்துக்கொள்ளும் ஒரு நோயைப் பற்றி. அதன் பெயர் சோர்வு. பணம் இல்லாமல் நின்றுபோன நற்பணிகளை விட, ஆட்கள் மனம் தளர்ந்து நின்றுபோன நற்பணிகள்தாம் ஊருக்கு ஊர் அதிகம். தொடங்கும்போது முப்பது பேர் வருவார்கள். ஒரு வருடம் கழித்து பதிவேட்டில் முப்பது பெயர் இருக்கும். வேலைக்கு ஆறு பேர் நிற்பார்கள். அந்த ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

இதனால் யாருக்கு நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். நிர்வாகிகளுக்கு ஒன்றும் ஆகிவிடாது. கூட்டம் நடக்கும், தீர்மானம் எழுதப்படும். மாதம் பிறந்தால் அரிசியும் பருப்பும் வந்துவிடும் என்று நம்பிக் காத்திருக்கும் விதவைத் தாய்க்குத்தான் நஷ்டம். நடு இரவில் ரத்தம் வேண்டும் என்று போன் செய்பவருக்குத்தான் நஷ்டம். மையித்தைக் குளிப்பாட்ட ஆள் கிடைக்காமல் திகைத்து நிற்கும் குடும்பத்துக்குத்தான் நஷ்டம். ஆகவே குழுவின் மனத்தெம்பு என்பது ஏழையின் உரிமையோடு தொடர்புடைய விஷயம்.

சோர்வு வந்துவிட்டதற்கு அடையாளங்கள் உண்டு. கூட்டத்தில் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். வெளியே வந்து டீக்கடையில் பேசுவார்கள். "சரி பாய்" என்பார்கள், வேலை நடக்காது. வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் மட்டும் உயரும். ஒருவர் விடுபட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருக்காது. இதைப் பார்த்ததும் பெரியவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வருகிறோம்: "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஈடுபாடு இல்லை." உடனே ஒரு கூட்டம் போட்டு, சேவையின் சிறப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பயான் செய்கிறோம். பயான் கேட்டு இரண்டு வாரம் சூடு இருக்கும். மூன்றாம் வாரம் பழைய கதைதான்.

ஈடுபாடு இல்லாதவர் முதலிலேயே பெயர் கொடுத்திருக்க மாட்டார். பெயர் கொடுத்து, ஓடியாடி உழைத்து, பிறகு ஒதுங்கியவரிடம் ஈடுபாடு இருந்தது. இடையில் என்ன நடந்தது என்பதே கேள்வி. அந்தக் கேள்வியை அவரை நோக்கிக் கேட்பதற்கு முன், அவரை வழிநடத்திய விதத்தை நோக்கிக் கேட்க வேண்டும்.

இதற்கு நமக்கு நன்கு தெரிந்த ஒருவரின் வாழ்க்கையிலிருந்தே ஒரு நிகழ்வைச் சொல்லலாம். இராமேசுவரத்தில் பிறந்த டாக்டர் அப்துல் கலாம் அவர்கள் எஸ்.எல்.வி-3 ராக்கெட் திட்டத்தின் இயக்குநராக இருந்தார்கள். 22 மீட்டர் உயரம், 17 டன் எடை, நான்கு கட்டங்கள் கொண்ட ராக்கெட். பல வருட உழைப்பு. 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அது ஏவப்பட்டது. முதல் கட்டம் நன்றாக வேலை செய்தது. இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு போய்விட்டது. சில நிமிடங்களில் ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது.

அந்த நேரத்தில் அந்தக் குழுவின் மனநிலை எப்படி இருந்திருக்கும்! நாடே பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே பத்திரிகையாளர்கள் காத்திருந்தார்கள். அரசாங்கப் பணம் கடலில் போய்விட்டது என்று கேட்பார்கள். ஏவுவதற்குச் சற்று முன் கணினி தடை போட்டும், நிபுணர்களின் ஆலோசனையைக் கேட்டு, ஏவலாம் என்று முடிவெடுத்தவர் கலாம் அவர்கள். இதை அவர்களே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்கள். பதில் சொல்லும் இடத்தில் அவரை நிறுத்திவிட எல்லாக் காரணமும் இருந்தது.

அப்போது இஸ்ரோவின் தலைவராக இருந்தவர் பேராசிரியர் சதீஷ் தவான். அவர் கலாம் அவர்களையும் அழைத்துக்கொண்டு பத்திரிகையாளர்கள் முன் போனார். ஆனால் பதில் சொல்லும் பொறுப்பைத் தாமே ஏற்றார். தோல்வியைத் தம் தோளில் வாங்கிக்கொண்டு, தம் குழுவின் மீது தமக்கு நம்பிக்கை இருக்கிறது, அவர்கள் விரைவில் வெற்றி பெறுவார்கள் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். ஒரு வருடம் ஆவதற்குள், 1980 ஜூலை 18 அன்று, எஸ்.எல்.வி-3 ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்றைக்கும் பத்திரிகையாளர் கூட்டம் இருந்தது. அன்று தவான் அவர்கள் ஒதுங்கிக்கொண்டு, "நீங்கள் போய்ப் பேசுங்கள்" என்று கலாம் அவர்களை அனுப்பினார். தோல்வி வந்தால் தலைவர் ஏற்கிறார், வெற்றி வந்தால் குழுவுக்குக் கொடுக்கிறார் என்று கலாம் அவர்கள் தம் இறுதிக்காலம் வரை இதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

இந்தப் பகுதி உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாத இரண்டு பகுதிகள் உண்டு. அவைதாம் இன்றைய தலைப்புக்கு மிகவும் தேவை.

முதலாவது, தோல்வி நடந்த அன்றைய மதியம். கலாம் அவர்கள் உடலும் மனமும் களைத்துப் போய், அறைக்குச் சென்று படுத்துத் தூங்கிவிட்டார்கள். மாலை நெருங்கும் நேரம் கண் விழித்தால் படுக்கைக்குப் பக்கத்தில் டாக்டர் பிரம்ம பிரகாஷ் உட்கார்ந்திருக்கிறார். அவர் திருவனந்தபுரம் விண்வெளி மையத்தின் இயக்குநர், கலாமுக்கு மேலதிகாரி. கலாம் அவர்கள் எழுந்த பிறகு சேர்ந்து சாப்பிடலாம் என்று தாமும் சாப்பிடாமல் காத்திருந்திருக்கிறார். இருவரும் சாப்பிடும்போது ராக்கெட்டைப் பற்றி ஒரு பேச்சும் எடுக்கவில்லை. 'அக்னிச் சிறகுகள்' நூலில் கலாம் அவர்கள் இதை நினைவுகூர்ந்திருக்கிறார்கள். தலைவர் என்பவர் தட்டில் சோறு போட்டுப் பக்கத்தில் உட்காரவும் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

இரண்டாவது, பிறகு நடந்த ஆய்வு. மனிதரைத் தேற்றியதோடு விட்டுவிடவில்லை. தோல்விக்கான காரணத்தைத் தேடினார்கள். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு, தூசி படிந்ததால் மூடாமல் நின்றுவிட்டது; அதன் வழியாக நைட்ரிக் அமிலம் கசிந்து வீணானது; அதனால் கட்டுப்பாடு போயிற்று என்று கண்டுபிடித்தார்கள். குற்றவாளியைத் தேடியிருந்தால் ஒரு மனிதர் கிடைத்திருப்பார். காரணத்தைத் தேடியதால் ஒரு தூசி கிடைத்தது. மனிதரை விலக்கியிருந்தாலும் தூசி அங்கேயே இருந்திருக்கும். அடுத்த ராக்கெட்டும் கடலுக்குத்தான் போயிருக்கும்.

இங்கே ஒரு தலைவர் என்னென்ன செய்ய வேண்டும் என்பது முழுமையாக இருக்கிறது. பழியைத் தாம் ஏற்பது. மனிதரின் பக்கத்தில் உட்காருவது. காரணத்தை நிதானமாகத் தேடுவது. அதே மனிதரிடம் அதே வேலையை மீண்டும் நம்பிக் கொடுப்பது. வெற்றியை அவருக்கே விட்டுக்கொடுப்பது. இந்த ஐந்தையும் பழகிக்கொள்ள முடியும். அப்படிப் பழக்குவதைத்தான் இன்று நிறுவனங்களில் லீடர்ஷிப் கோச்சிங் என்கிறார்கள்.

கோச்சிங் என்றதும் நம் பிள்ளைகளுக்கு நீட் கோச்சிங்தான் நினைவுக்கு வரும். அங்கே தெரிந்தவர் சொல்கிறார், தெரியாதவர் எழுதிக்கொள்கிறார். தலைமைப் பயிற்சியில் வரும் கோச்சிங் கொஞ்சம் வேறு. கோச் என்ற சொல் ஹங்கேரியிலுள்ள கோச் என்ற கிராமத்தில் செய்யப்பட்ட குதிரை வண்டியிலிருந்து வந்தது. ஏறியவரை அவர் போக வேண்டிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது வண்டி. கோச்சும் அப்படித்தான்.

இந்த முறைக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் திமோத்தி கால்வே என்ற அமெரிக்க டென்னிஸ் ஆசிரியர். கையை இப்படி வை, காலை அப்படி வை என்று சொல்லச் சொல்ல மாணவர்கள் விறைத்துப் போவதை அவர் கவனித்தார். சொல்வதைக் குறைத்து, பந்து தரையில் படும் கணத்தையும் மட்டையில் படும் கணத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடச் செய்தார். கவனம் பந்தில் நின்றது. ஆட்டம் தானே சீரானது. 1974-இல் அவர் இதை நூலாக எழுதினார். பிறகு கார் பந்தய வீரராக இருந்த ஜான் விட்மோர் என்ற ஆங்கிலேயர் இதை அலுவலகங்களுக்குக் கொண்டுவந்தார். 1992-இல் வந்த அவருடைய நூலால் பரவிய முறையில் நான்கு கேள்விகள் உண்டு. எங்கே போக வேண்டும்? இப்போது எங்கே நிற்கிறோம்? என்னென்ன வழிகள் இருக்கின்றன? எதைச் செய்யப் போகிறீர்கள், எப்போது?

எளிய கேள்விகள்தாம். ஒரு கற்பனை உதாரணத்தில் வைத்துப் பார்ப்போம். மாதாந்திர ரேஷன் பொட்டலம் 5-ஆம் தேதிக்குள் வீடுகளுக்குப் போய்ச் சேர வேண்டும். 12-ஆம் தேதிதான் போகிறது. பொறுப்பில் இருக்கும் இளைஞரைக் கூப்பிட்டு, "என்ன தம்பி, ஏழைகள் வயிற்றில் விளையாடுகிறீர்களா?" என்று கேட்கலாம். அவர் தலைகுனிந்து நின்றுவிட்டுப் போவார். அடுத்த மாதம் சாவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிடுவார்.

அதே இளைஞரைத் தனியாக உட்காரவைத்து, "தம்பி, எந்தத் தேதிக்குள் போய்ச் சேர்ந்தால் நமக்குத் திருப்தி?" என்று கேட்டால், "5-ஆம் தேதி பாய்" என்பார். "இப்போது எங்கே தடை படுகிறது?" என்றால் சற்றுத் தயங்கிவிட்டு, "மொத்தக் கடையில் செக் கொடுத்தால்தான் சரக்கு தருகிறார்கள். செக்கில் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். இரண்டாவது கையெழுத்துக்கே ஒரு வாரம் ஆகிறது பாய்" என்பார். இப்போது தூசி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அது அந்த இளைஞரிடம் இல்லை. அலுவலக மேசையில் இருக்கிறது. "இதற்கு என்ன வழி தோன்றுகிறது?" என்று கேட்டால் அவரே மூன்று வழி சொல்வார். "இதில் எதைச் செய்வோம், எங்களிடமிருந்து என்ன வேண்டும்?" என்று முடித்தால் வேலையும் நடக்கும், அவரும் நிலைத்திருப்பார். முழுப் பேச்சுக்கும் பதினைந்து நிமிடம் போதும்.

மஷூரா செய்வது நமக்குப் புதிதல்ல. ஆனால் முடிவை முன்பே எடுத்துவிட்டு, தலையாட்டுவதற்காகக் கூட்டும் கூட்டத்துக்கு மஷூரா என்று பெயர் வைத்துவிட்டால், கேள்வி கேட்பதன் பலன் கிடைக்காது. கேட்டால் காது கொடுக்க வேண்டும்.

காது கொடுப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்கிறோம். ஏமி எட்மண்ட்சன் என்ற பேராசிரியர் அமெரிக்க மருத்துவமனைகளில், மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்து 1996-இல் வெளியிட்டார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள வார்டில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். கணக்கு நேர்மாறாக வந்தது. நல்ல வார்டுகளில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. தேடிப் பார்த்தபோது காரணம் புரிந்தது. அங்கே செவிலியர்கள் பயமில்லாமல் தவறைச் சொன்னார்கள், சேர்ந்து திருத்தினார்கள். திட்டு விழும் வார்டுகளில் தவறுகள் மறைக்கப்பட்டன. "எங்கள் குழுவில் எந்தப் பிரச்சினையும் இல்லை" என்று ஒரு பொறுப்பாளர் பெருமையாகச் சொன்னால், நாம் மகிழ்வதற்கு முன் சற்று விசாரிப்பது நல்லது.

கூகுள் நிறுவனமும் தன் மேலாளர்களில் சிறந்தவர்கள் யார், ஏன் என்று பெரிய அளவில் ஆராய்ந்தது. எட்டுக் குணங்களைப் பட்டியலிட்டார்கள். முதலிடத்தில் வந்தது, நல்ல கோச்சாக இருப்பது. தொழில்நுட்பத் திறமை எட்டாவது இடத்தில்தான் வந்தது. கணினிப் பொறியாளர்கள் நிறைந்த நிறுவனத்திலேயே இப்படி என்றால், அன்பை நம்பி நடக்கும் சேவைக் குழுக்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. எல்லாச் சோர்வுக்கும் கோச்சிங் மருந்தாகாது. நான்கு பேர் வேலையை ஒருவர் தலையில் வைத்துவிட்டு, "உங்கள் இலக்கு என்ன?" என்று கேட்பது அநீதி. பெட்ரோல் செலவைத் தம் பையிலிருந்தே போட்டுக்கொண்டிருப்பவருக்கு முதலில் தேவை அந்தப் பணம். பெண்கள் குழுவினர் இஷாவுக்குப் பிறகு நடக்கும் கூட்டத்துக்கு வர முடியவில்லை என்றால், மாற்ற வேண்டியது கூட்டத்தின் நேரத்தை. வீட்டில் நோயாளி இருப்பவருக்கு ஓய்வு கொடுங்கள். மூன்று மாதம் கழித்து அவரே வருவார். நியாயமான குறையைத் தீர்த்த பிறகு கேட்கும் கேள்விக்குத்தான் பலன் உண்டு.

இன்னொன்று. பயிற்சி மேலிருந்து தொடங்க வேண்டும். இளைஞர்களைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு நிர்வாகிகள் பழையபடியே இருந்தால், அனுப்பப்பட்டவர்கள் இன்னும் அதிகமாக மனம் வெறுப்பார்கள். எனவே பொறுப்பாளர்கள் முதலில் பழக வேண்டியவற்றைச் சொல்கிறோம்.

மாதம் ஒருமுறை, குழுவில் உள்ள ஒவ்வொருவரோடும் தனியாகப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். அதில் நீங்கள் பேசுவது மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

பாராட்டும்போது "மாஷா அல்லாஹ், நல்ல வேலை" என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடாதீர்கள். "மழையில் போய் அந்த அம்மாவின் வீட்டில் மருந்தைக் கொடுத்துவிட்டு வந்தீர்களே" என்று செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். கவனிக்கப்படுகிறோம் என்ற எண்ணமே பாதித் தெம்பு. கண்டிக்க வேண்டியிருந்தால் தனியாக, அதுவும் செயலைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

ஒவ்வொரு பணி முடிந்ததும் பத்து நிமிடம் சேர்ந்து உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள். எது நன்றாக நடந்தது? எது தடைபட்டது? அடுத்த முறை எதை மாற்றுவோம்? யார் தவறு என்ற கேள்விக்கு அங்கே இடம் வேண்டாம்.

வேலையைக் கொடுக்கும்போது முடிவெடுக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுங்கள். நோன்புக் கஞ்சிப் பொறுப்பை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அரிசி எங்கே வாங்குவது, எத்தனை மணிக்கு உலை வைப்பது என்று அருகில் நின்று சொல்லிக்கொண்டிருந்தால் அவர் வெறும் கையாளாகிவிடுவார். நன்றி சொல்லும் மேடையில் அவரை நிறுத்துங்கள். குறை சொல்ல வருபவர் முன் நீங்கள் நில்லுங்கள்.

குடும்பத்தார்களே, இவ்வளவும் தன்னார்வலர்களுக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். வீடும் ஒரு குழுதான். பிளஸ் டூ மதிப்பெண் வந்த அன்று, எதிர்பார்த்தது கிடைக்காமல் அறைக்குள் படுத்திருக்கும் மகளுக்கும் மகனுக்கும், அந்த நேரத்தில் விசாரணை தேவையில்லை. சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். மதிப்பெண்ணைப் பற்றி நாளைக்குப் பேசலாம். உறவினர் போன் செய்து கேட்டால் வாப்பாவோ உம்மாவோ பதில் சொல்லுங்கள். பிள்ளை கையில் போனைக் கொடுக்காதீர்கள். அடுத்த வாரம், "எந்தப் பாடம் கஷ்டமாக இருந்தது, என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். நல்ல செய்தி வரும் நாளில் போனைப் பிள்ளையிடமே கொடுங்கள், அவர்களே சொல்லட்டும்.

அதே போல, வீட்டிலிருந்து சேவைக்கு வரும் பிள்ளை களைத்துத் திரும்பும்போது, "ஊர் வேலைக்கு மட்டும் நேரம் இருக்கிறதா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். அவர்களின் தெம்பில் பாதி வீட்டில்தான் நிரம்புகிறது.

ஒதுங்கிப் போனவர்களை மாற்றிவிட்டுப் புதியவர்களைச் சேர்ப்பது எளிது. ஆனால் வால்வில் தூசி இருக்கும்வரை புதியவர்களும் ஒரு வருடத்தில் அதே இடத்தில்தான் வந்து நிற்பார்கள். 1979-இல் தோற்ற திட்டத்துக்கும் 1980-இல் வென்ற திட்டத்துக்கும் இயக்குநர் ஒருவரே. மாற்றப்பட வேண்டியது அவர் அல்ல என்பதைப் புரிந்துகொண்ட தலைவர்கள் அவருக்கு மேலே இருந்தார்கள்.

ஆகவே இந்த வாரம் பொறுப்பாளர்கள் ஒவ்வொருவரும் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். பதிவேட்டை எடுத்து, ஆறு மாதமாக வராத ஒருவரின் பெயரைப் பாருங்கள். ஏன் வரவில்லை என்று கணக்குக் கேட்காமல், அவர் வீட்டுக்குப் போய் நலம் விசாரியுங்கள். அவர் பேசினால் இடைமறிக்காமல் கேளுங்கள். அவர் சொல்லும் குறைகளில் தீர்க்கக்கூடிய ஒன்றையாவது அடுத்த கூட்டத்துக்குள் தீர்த்துவிட்டு, தீர்த்துவிட்டோம் என்று அவருக்குச் சொல்லுங்கள். பிறகு அவர் வருவதும் வராததும் அவர் விருப்பம். பெரும்பாலும் வருவார், இன்ஷா அல்லாஹ்.

உழைத்துக் களைத்த உள்ளங்களுக்கு அல்லாஹ் ஆறுதலையும், அவர்களை வழிநடத்துபவர்களுக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.